ஒரு பாட்டையும் தாண்டாதவர்

செய்தி வந்தபோது ரத்தத்தைப் பிரிக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பரிசோதனைக்கூடத்தின் மேலாளர் முருகையன் சார் உள்ளறைக்குள் வருகிறவர் இல்லை. எதுவானாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்று உள்ளே வந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்று, "தேன்மொழி, ரீத்தா போயிடுச்சும்மா. அது வீட்டுக்காரர் சேவியர் இப்பதான் போன் பண்ணாரு" என்றார். மெஷின் நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றதும் குழாய்களை எடுத்து அடுக்கினேன். வெளியே வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தவர்கள் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தால் அக்காவுக்குக் கோபம் வந்திருக்கும். எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தருமபுரத்தில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன்.

ரீத்தா அக்காவின் முகத்தைவிட அவருடைய விரல்கள்தான் உங்களில் பலருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். காலையில் எங்கள் கூடத்துக்கு வந்தவர்களின் கையில் பட்டை கட்டி, இரண்டு விரலால் தட்டி நரம்பைத் தேடியவர் அவர்தான். பயப்படுகிறவர்களிடம், "அந்தப் பக்கம் காலண்டரைப் பாருங்க, இன்னிக்கு என்ன தேதின்னு சொல்லுங்க" என்பார். தேதியைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். நான் உள்ளறையில் மெஷின்களோடு இருப்பவள். ஆட்களோடு பேச வேண்டியிருக்காது என்பதற்காகவே நான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன் என்று அக்கா கேலி செய்வார். அது பாதி உண்மை. உள்ளறையில் இருந்ததால், நீங்கள் பார்க்காத ரீத்தா அக்காவை நான் பார்த்தேன். அவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பாட்டு எல்லோரும் கேட்கிறோம். அவர் ஆல்பம் கேட்கிறவர்.

காலைக் கூட்டம் ஓய்ந்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அலமாரிமேல் வைத்து, ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போடுவார். கடைசிப் பாட்டுவரை அது ஓடும். யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது, எந்தப் பாட்டையும் தாண்டக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு பாட்டு இழுவையாக இருக்கிறதே என்று போனை எடுத்து அடுத்ததற்குத் தள்ளினேன். அக்கா கோபப்படவில்லை. போனை வாங்கி, ஆல்பத்தை மறுபடியும் முதலிலிருந்து போட்டார். "அது இழுவைதான், இல்லங்கல. ஆனா அதைக் கேட்டுட்டு வந்தாத்தான் அடுத்தது இவ்வளவு நல்லா இருக்கும். கல்யாண வீட்ல பந்திக்கு நிக்கிறோம்ல, அந்த மாதிரி" என்றார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வருகிற அந்த இடைவெளியில் அவருடைய தலை லேசாக நிமிரும். இன்னும் வராத பாட்டின் முதல் சத்தம் அவருக்கு மட்டும் முன்னதாகவே கேட்டுவிட்டது போலிருக்கும்.

அவர் கேட்ட ஆல்பங்களின் பெயர்களை இங்கே நான் எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்தப் படத்தை எந்தக் கொட்டகையில் பார்த்தோம், யாரோடு பார்த்தோம் என்று நாம் ஒவ்வொருவரும் அவரவர் கதைக்குப் போய்விடுவோம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் என்னிடம் கேட்ட கேள்வி, எனக்குப் பிடித்த ஆல்பம் எது என்பது. எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீடு பூவம் கிராமத்தில். அப்பாவும் அம்மாவும் வயல்வேலைக்குப் போகிறவர்கள். எங்களுக்குப் பாட்டு என்பது திருவிழாவிலும் கல்யாணத்திலும் குழாய் ஸ்பீக்கரில் வருவது. அதில் எது வேண்டும் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கல்லூரியில் மற்ற பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, எனக்கு முன்னால் பேசியவள் சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம், எனக்கு எல்லாமே பிடிக்கும் என்றேன். "எல்லாம் புடிக்கும்னா ஒண்ணையும் சரியா கேக்கலன்னு அர்த்தம் புள்ள. அவசரமில்ல, தெரியறப்ப சொல்லு" என்றார். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது, எல்லோருக்கும் முன்னால், "தேனு, உன் ரிசல்ட் வந்துடுச்சா?" என்று கேட்பார். சுற்றி இருப்பவர்கள் எனக்கு என்ன நோயோ என்று பார்ப்பார்கள். இன்னும் வரவில்லை என்று தலையாட்டிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன்.

அவருடைய முதல் ஆல்பம் வீட்டில் இருந்த ஒரு கேசட். அப்போதெல்லாம் ரெக்கார்டிங் கடையில் வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, பக்கத்துக்கு ஒரு படமாகப் பதிந்து வாங்குவது வழக்கம். பாட்டு நீளமாகவும் நாடா குட்டையாகவும் இருந்தால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். அக்கா வீட்டுக் கேசட்டில் அப்படி ஒரு பாட்டு, இரண்டாவது சரணத்தில், ஒரு வரியின் நடுவிலேயே நின்றுவிடும். ஒரு பொங்கலுக்கு எங்கள் கூடத்தில் விழா வைத்தபோது அக்கா அந்தப் பாட்டைப் பாடினார். நன்றாகவே பாடிக்கொண்டு வந்தவர், அந்த வரியின் நடுவில் நிறுத்தி, மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. வரி மறந்துவிட்டதா என்று முருகையன் சார் மெதுவாகக் கேட்டார். "மறக்கல சார். எங்க வீட்ல அது அங்கதான் முடியும்" என்றார் அக்கா. கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் தன் பேச்சிலிருந்து இறங்கி வரவில்லை. மிச்சப் பாட்டைப் பிற்பாடு எங்கெங்கோ கேட்டிருப்பதாகவும், அது யாரோ பின்னால் சேர்த்து ஒட்டியது போலத் தோன்றுவதாகவும் என்னிடம் சொன்னார்.

இன்னொன்று அக்கார்டியன் வாசிப்பும் பிரெஞ்சுப் பாட்டுகளும் சேர்ந்த ஓர் ஆல்பம். அக்காவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டைத் தெருவில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி, அவர் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போய்விட்டு வந்து அந்த ஆல்பத்தைப் போடுவாராம். கோட்டைக் கழற்றாமல், காலணியோடு, கடைசிவரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாராம். அக்காவுக்கு அந்த ஆல்பத்தின் ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். அர்த்தம் தெரியாது. பிரான்சில் இருக்கிற உங்கள் அண்ணனிடம் கேட்டால் சொல்லிவிடுவார்தானே என்று ஒருமுறை கேட்டேன். அக்கா வேண்டாம் என்றார். "அர்த்தம் தெரிஞ்சா அது அந்தப் பாட்டுக்காரனோடதாயிடும். இப்ப எங்க அப்பாவோடதா இருக்கு" என்றார். ஆல்பம் கேட்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. இந்த இரண்டு ஆல்பங்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். ஒரே ஆல்பம் ஊரில் ஆயிரம் வீட்டில் இருக்கலாம். ஆனால் எங்கே அறுகிறது, யார் எப்படி உட்கார்ந்து கேட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்து அது அந்த ஒரு வீட்டுக்கு உரியதாகிவிடுகிறது.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது சென்ற ஆண்டு. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். அங்கிருந்து திரும்பிய மறுநாளே வேலைக்கு வந்து, கூட்டம் ஓய்ந்ததும் உள்ளே வந்து, ஸ்பீக்கரை வைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு விதமான மருந்து இருக்கிறதாம். ஒன்று சாதாரணமானது. இன்னொன்று பலமானது, நோயைக் கூடுதல் காலம் பிடித்து வைக்கும், ஆனால் காதைப் பாதிக்கலாம். சிலருக்குக் கொஞ்சம் போகும், சிலருக்கு நிறையப் போகும், போனால் திரும்பாது. டாக்டர் எதையும் மறைக்காமல் சொல்லி, யோசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அக்காவின் மகள் ஸ்டெல்லா அப்போது பிளஸ் டூவில் இருந்தாள்.

நான் குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்காவே சொன்னார். "பலமானதையே போடச் சொல்லிட்டேன் தேனு. அவ பரீட்சை எழுதணும், காலேஜ்ல சேரணும். அதுவரைக்கும் நான் நிக்கணும். ஒரு வாரம் மட்டும் டைம் கேட்டிருக்கேன்."

அந்த ஒரு வாரம் எதற்கு என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கேசட் ஆல்பத்தையும் அப்பாவின் ஆல்பத்தையும் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறார் என்று எண்ணினேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மறுநாள் காலையில் அவர் முருகையன் சாரிடம் போய், "சார், உங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஆல்பம் ஒண்ணு கொடுங்க, நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். சார் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு நாகஸ்வர ஆல்பத்தை அனுப்பினார். இரண்டே உருப்படி, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முழுக்க. ஸ்டெல்லாவிடம் கேட்டு, ஒரே சத்தமாக, பேசுவதும் பாடுவதும் கலந்து வரும் ஓர் ஆல்பத்தை வாங்கிவந்தார். அதை முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிவரை கேட்டார். ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"புடிச்சதெல்லாம் ஏற்கெனவே உள்ள ஏறிடுச்சு. முதல்லேருந்து கடைசிவரைக்கும் வரிசையா இருக்கு. அதைக் கேக்கறதுக்குக் காது எதுக்கு? இன்னும் கேக்காததுக்குத்தான் காது வேணும்."

வார முடிவில் என்னைப் பார்த்தார். இந்த முறை எல்லோருக்கும் முன்னால் கேட்கவில்லை, ரிசல்ட் என்றும் கேலி செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "உன்னுது ஒண்ணு கொடு" என்றார். எனக்கு அப்படி ஒன்று இருந்தது. கல்லூரிக்குப் போய்வந்த பஸ்ஸில், மூன்று வருஷமும், ஜன்னலோரம் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்ட ஆல்பம். படம் ஓடவில்லை. அந்தப் படத்தின் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. ஸ்பீக்கரை வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். பரீட்சை பேப்பரைத் திருத்தக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பது போலிருந்தது எனக்கு. முடிந்ததும் ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு, "மூணாவது பாட்டு சுமாரு. அந்த அஞ்சாவது இருக்குல்ல, அதுல புல்லாங்குழல் வந்துட்டு நிக்கிற இடம், அது அருமை. உள்ள போட்டுக்கிட்டேன்" என்றார். மூன்றாவது பாட்டு சுமார் என்றதில் எனக்குக் கோபம் வந்தது. அது நல்ல பாட்டு என்று வாதாடினேன். அவ்வளவு நேரம் ஒருவரோடு நான் வாதாடியது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

மருந்து தொடங்கியது. ஊசி போட்ட நாட்கள் போக மற்ற நாட்களில் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஒருநாள் மெஷின் சுற்றி முடித்து பீப் அடித்தது. நான் வேறு வேலையில் இருந்தேன். அக்கா அதன் பக்கத்திலேயே நின்றார், திறக்கவில்லை. "மெஷின் கத்துதுக்கா" என்றேன். "கத்துதா?" என்று கேட்டுவிட்டு அதைப் பார்த்தார். மூடியைத் திறக்கும்வரை அது விடாமல் அடிக்கும். அவர் குனிந்து காதை அதன்மேல் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, "சரி, மேல் சத்தம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்து குழாய்களை எடுத்துக் கொடுத்தார். புல்லாங்குழலும் அதோடு போயிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவர் அதை யாரிடமும் மறைத்ததில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்களிடம், "சத்தமா பேசுங்க, எனக்குக் காது கேக்காது, கண்ணு நல்லாத் தெரியும், பயப்படாதீங்க" என்பார். தெருவில் வேறு பேச்சு ஓடியது. காதில் எந்நேரமும் மாட்டிக்கொண்டிருந்ததால்தான் காது போனது என்று அவருடைய நாத்தனாரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தன் பிள்ளைகளின் இயர்போனைப் பிடுங்கி வைத்துவிட்டாராம். "விடு, என்னாலே அந்தப் பசங்க படிக்கிறாங்கன்னு இருக்கட்டும்" என்றார் அக்கா. பிரான்சிலிருந்து அண்ணன், அங்கே வந்துவிடு, நல்ல வைத்தியம் பார்க்கலாம் என்று விடாமல் கூப்பிட்டார். ஸ்டெல்லாவின் பரீட்சை முடியட்டும் என்று அக்கா தள்ளிக்கொண்டே போனார். ஸ்டெல்லா பரீட்சை எழுதினாள். கல்லூரியிலும் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் அவளைப் பஸ் ஏற்றிவிட அக்கா நடந்தே போனார்.

அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரத்துக்குப் போய்வந்தேன். அப்படி ஒரு ஞாயிறு, அவருடைய கணவர் சேவியர் அண்ணன் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அந்தக் கேசட்டில் இருந்த படத்தின் பாட்டுகளை முழுச் சத்தத்தில் போட்டார். சத்தம் அதிகமாக இருந்தால் கொஞ்சமாவது கேட்கும் என்ற ஆசை அவருக்கு. அக்கா சற்று நேரம் கேட்டார். பிறகு கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். சேவியர் அண்ணனுக்குப் புரியவில்லை, இன்னும் சத்தத்தைக் கூட்டினார். "நிறுத்துங்க. தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி வருது. இப்படி ரெண்டு வாட்டி கேட்டேன்னா உள்ள இருக்கறதும் இப்படி ஆயிடும்" என்று அக்கா சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. நோய் என்று தெரிந்த நாளிலும் நடுங்காத குரல் அது. சேவியர் அண்ணன் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அக்கா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "உள்ள நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் கெடல. அதை அப்படியே விட்டுடுங்க" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாட்டுப் போடக் கூடாது என்றாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் ஆறுதலுக்கு என்று போனில் ஏதாவது போட்டால் அக்கா கையை நீட்டி வாங்கி அணைத்துவிடுவார். நிறையப் பேருக்கு அது வருத்தம். பாட்டென்றால் உயிர் என்று இருந்தவர் வெறுத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். உங்களில் சிலரும் அப்படி நினைத்திருக்கலாம். அவர் வெறுக்கவில்லை. காதில் மிஞ்சியிருந்த அந்தக் கெட்ட சத்தம் உள்ளே நுழைந்துவிடாமல் காவல் இருந்தார்.

கடைசியாக நான் போன மாலையில், அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தேன். போர்வைக்குள் கால் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது. காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது, நிழல் பட்டிருக்கும். கண்ணைத் திறந்து, "வா தேனு. ரெண்டாவது பக்கம் போயிக்கிட்டிருக்கு. உக்காரு" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். கட்டைவிரல் ஒரு சமயம் மெதுவாகவும் ஒரு சமயம் வேகமாகவும் அசைந்தது. நடுநடுவே நிற்கும். நின்றபோதெல்லாம் தலை லேசாக நிமிரும், பிறகு விரல் வேறு தாளத்தில் தொடங்கும். எந்த ஆல்பம் என்று கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை. சேவியர் அண்ணன் டீ கொண்டுவந்து, எங்களைப் பார்த்துவிட்டு, டம்ளரை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார். ஓசைப்பட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அப்படித்தான் வைக்கத் தோன்றியது அவருக்கு.

முடிந்ததும் அக்கா கண்ணைத் திறந்தார். எது என்று நான் கையால் கேட்டேன். "சொல்ல மாட்டேன் போ" என்றார். சின்னப் பிள்ளை ஒளித்து வைத்துக்கொள்வது போலச் சிரித்தார். நான் இரண்டு மூன்று பெயரை வாயசைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித்தான் சிரித்தார். அது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து எங்கள் கூடத்தில் அவருக்கு ஒரு சிறிய கூட்டம் வைத்தோம். அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு, எழுந்து நின்று மௌனம் காக்கலாம் என்று முருகையன் சார் சொன்னார். எந்தப் பாட்டு என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து, "ஒரு பாட்டு வேண்டாம் சார். ஆல்பம் முழுசா கேப்போம்" என்றேன். அவ்வளவு நேரம் ஆகுமே என்று ஒருவர் சொன்னார். ஆகட்டும் என்றேன். அதற்கு மேல் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உட்காரவும் இல்லை. சார் போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் அக்காவுக்குக் கொடுத்த நாகஸ்வர ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டோம். சிலர் போனைப் பார்த்தார்கள், ஒருவர் தூங்கியும் போனார். முதல் உருப்படி முடிந்து, அடுத்தது தொடங்குவதற்கு முந்தின அந்தச் சிறிய அமைதியில் முருகையன் சார் அழுதுவிட்டார்.

ஸ்டெல்லா அந்தச் சின்ன ஸ்பீக்கரை எனக்குக் கொடுக்க வந்தாள். அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அவர் கேட்டு வாங்கிய அந்த ஒரு வாரத்தைத்தான். இழக்கப்போகிறோம் என்று தெரிந்தபோது, இருந்ததைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்காராமல், கதவு கதவாகப் போய், இதுவரை கேட்காததைக் கொடுங்கள் என்று கேட்டார். என் காது நன்றாகத்தான் இருக்கிறது. எவ்வளவு காலம் இருக்கும் என்று எனக்கும் தெரியாது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஒருவரிடம் போய், உங்களுக்குப் பிடித்த ஆல்பம் ஒன்று கொடுங்கள் என்று கேட்கிறேன். கேட்கும்போது இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன். இந்த வாரம் பக்கத்துத் தையல்கடை அக்கா ஒன்று கொடுத்திருக்கிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். கடைசிவரை கேட்பேன்.